கிணற்றில் உன் முறை

என் ராசாவுக்கு,

ரயில் கிளம்பி, உன் மனைவி ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு, பசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே நீ சாப்பாட்டுப் பையைத் திறப்பாய். புளிசாதத்துக்கு மேலே இந்தக் காகிதம் இருக்கும். எண்ணெய் பட்டிருந்தால் அம்மாவைத் திட்டாதே. போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நெலத்த இன்னாம்மா பண்ணப் போற? வித்துட்டு எங்ககூட வந்துடேன்" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் ரசம் எடுக்க உள்ளே போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. உன் அப்பாவும் சம்பந்தி வீட்டாரும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நான் வாயைத் திறந்தால் அழுகையும் பேச்சும் ஒன்றாக வரும், அவ்வளவுதான். கேட்கும்போது உன் முகத்தைப் பார்த்தேன். நிலத்தை விற்கச் சொல்லும் முகம் இல்லை அது. விட்டுவிட்டுப் போகிறோமே என்று குற்றவாளி போல் இருந்த முகம். அந்த முகத்துக்குத்தான் இந்தப் பதில். பாத்திரம் கழுவி முடித்து, உன் அப்பா கம்பெனி பஸ்ஸை எடுத்துக்கொண்டு மறைமலைநகர் ஷிப்டுக்குப் போன பிறகு எழுதுகிறேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது நான் தலையில் யூரியா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போய் மோட்டார் போடுவேன். வானத்திலிருந்து தண்ணீர், கிணற்றிலிருந்து தண்ணீர், கழனி நிரம்பி வரப்பு வழிந்து தெருவில் ஓடும். "மழ பேஞ்சிகினு இருக்கும்போது எதுக்கும்மா மோட்டாரு?" என்று நீ கேட்டாய். "முறைடா" என்றேன். அன்றைக்கு எனக்கு அது பெரிய நியாயமாகத் தெரிந்தது. நம் கிணறு பங்குக் கிணறு. உன் தாத்தா வெட்டியது. ஒரு நாள் நமக்கு, மறுநாள் உன் சித்தப்பா கஜேந்திரனுக்கு. முறை நாளில் மோட்டார் ஓடாவிட்டால் பாத்தியதை போய்விடும் என்று இந்த வீட்டுக்கு வாழ வந்த அன்றே என் காதில் ஓதினார்கள். நல்லது கெட்டது, காய்ச்சல் தலைவலி எதற்கும் முறையை விட்டதில்லை. கரண்ட் இலவசம், யார் கேட்பது? கேட்டிருக்க வேண்டியது கிணறுதான், அதற்கு வாய் இல்லை.

சித்தப்பாவோடு நமக்குப் பேச்சு நின்றதும் அந்த முறையால்தான். ஒரு சொர்ணவாரி பட்டத்தில், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது, நம் முறை நாளில் அவர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உன் அப்பா வேறொன்றும் கேட்கவில்லை, நேராகப் போய் பம்புசெட் அறைக்குப் பூட்டுப் போட்டார். சித்தப்பா அந்தப் பூட்டை உடைத்தார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், அண்ணன் தம்பிக்குக் கேட்க வேண்டுமா? அதற்குப் பிறகு ஒரே வரப்பில் எதிரெதிரே நடந்து வந்தாலும் ஒருவர் கழனியில் இறங்கி நின்று மற்றவருக்கு வழி விடுவோம். மரியாதை இருந்தது, வார்த்தைதான் இல்லை. அவர் மோட்டார் சத்தம் கேட்டால் அவர் நன்றாக இருக்கிறார் என்று நமக்குத் தெரியும், நம் மோட்டார் சத்தம் அவருக்குச் சொல்லும். இப்படியே வருஷங்கள் ஓடின.

அப்போதுதான் நீ அந்தக் குழாயைக் கொண்டு வந்தாய். நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்காமல், வாசலில் ஒரு முழ பிளாஸ்டிக் குழாயை வைத்து டிரில்லால் கீழ்ப்பாதி முழுக்க ஓட்டை போட்டாய். இட்லித் தட்டு செய்கிறானோ என்று நான் உன்னைக் கிண்டல் செய்தேன். அதைக் கழனியில் பாதி புதைத்து, உள்ளே இருந்த சேற்றை அள்ளிப் போட்டுவிட்டு, சிவப்பு டேப் சுற்றிய ஒரு குச்சியை என் கையில் கொடுத்தாய். "மேல தண்ணி இல்லன்னு பயப்படாத. குச்சிய வுட்டுப் பாரு. டேப்பு வரைக்கும் ஈரம் இருந்தா மோட்டார் போடாத. டேப்புக்குக் கீய போனாதான் போடணும்." பயிர் கிளைத்துத் தூர் கட்டும் பருவத்தில் இப்படிக் காய விட்டால் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும், காற்றடித்தாலும் பயிர் சாயாது என்றாய். பூக்கும்போது மட்டும் காய விடாதே என்று இரண்டு தடவை சொன்னாய். நான் கேட்ட முதல் கேள்வி, "கரண்ட்டே இலவசம், தண்ணிய மிச்சம் புடிச்சி யாருக்குடா குடுக்கப் போறேன்?" நீ தலையைச் சொறிந்தாய். அந்தக் கேள்விக்கான பதில் அடுத்த வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தது என்று அப்போது நம் இரண்டு பேருக்குமே தெரியாது.

அந்த மாசியில், நவரை பட்டத்தில்தான் உன் கல்யாணப் பேச்சு வந்தது. கல்பாக்கத்திலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. பெண்ணின் அப்பா டவுன்ஷிப்பில் வேலை பார்ப்பவர், தண்ணீர் குழாயில் வரும் வீடு. நம் வீட்டில் கை நனைப்பார்களா, வெறும் காபியோடு எழுந்து போய்விடுவார்களா என்பதுதான் என் கவலை. அடை சுட வேண்டுமா, வடை சுட வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே கழனிப் பக்கம் போனேன். மண் என் குதிகால் மாதிரி வெடித்திருந்தது. குச்சியை விட்டுப் பார்த்தால் டேப் வரை ஈரம் இருந்தது. ஆனால் குச்சியையா அவர்கள் பார்ப்பார்கள்? தண்ணிக்கு வழியில்லாத குடும்பத்திலா பெண்ணைக் கொடுப்பது என்று நினைக்க மாட்டார்களா? அன்று நம் முறை. நீ வேலைக்குப் போனதும் மோட்டாரைப் போட்டேன். சாயந்தரம் வரை ஓடியது. கழனி கண்ணாடி போல் மின்னியது. அப்பாடா என்று வந்து பாயசத்துக்கு முந்திரி உடைத்தேன்.

மறுநாள் சம்பந்தி கழனியைப் பார்க்க வேண்டும் என்றார். நீ ஆசையாக அழைத்துக்கொண்டு போய், குழாயைக் காட்டி, குச்சியை எடுத்து உள்ளே விட்டாய். தண்ணீர் உன் விரலைத் தொட்டது. நீ திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் வேப்பமரத்தில் காக்காயை எண்ணிக்கொண்டிருந்தேன். "தண்ணி நெறைய இருக்கும் போலயே, குழாய் எதுக்கு?" என்று அவர் கேட்டார். நீ, "நேத்திக்கிதான் பாய்ச்சினோம் மாமா, இனிமே காய வுடுவோம்" என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினாய். அம்மாவைக் காட்டிக் கொடுக்காத அந்த ஒரு வாக்கியத்துக்கு உனக்கு நான் இதுவரை நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். அவர்கள் கை நனைத்தார்கள், உன் மாமியார் இரண்டாவது தடவை பாயசம் கேட்டார், எல்லாம் சுபம். ஆனால் நான் பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது கிணற்றுப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. சித்தப்பாவின் மோட்டார் காற்றை இழுத்து இழுத்து இருமியது. பிறகு நின்றுவிட்டது. கரண்டி என் கையிலேயே நின்றது. அவர் நமக்கு முன்னால் நட்டவர். அவர் பயிர் அப்போது பூத்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் மறுபடியும் நம் முறை. ராத்திரி ஊறிய தண்ணீர் கிணற்றில் கொஞ்சம் கிடந்தது. நம் கழனியில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. இருந்தாலும் பழக்கதோஷம், என் கை சுவிட்சுக்குத்தான் போனது. அந்தப் பக்கம் பார்த்தேன். உன் சித்தப்பா வரப்பில் நின்று ஒரு கதிரை விரலால் நீவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டையில் பூட்டை உடைத்தவர் போலவே இல்லை. சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். நான் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது!

"கஜேந்திரா, இன்னிக்கி நீ போட்டுக்கோ."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ சொல்கிறேன் என்று. "இன்னா அண்ணி, ஒங்க மொறயாச்சே?"

"எங்கழனியிலதான் தண்ணி நிக்குதே. உன்னுது பூத்துகினு கீது. போடு."

"அப்பறம் அண்ணன் வந்து பாத்தியத அது இதுன்னு பேஜார் பண்ணாருன்னா?"

"நான் சொல்றேன் இல்ல? அவருகிட்ட நான் பேசிக்கறேன். மோட்டார போடு மொதல்ல."

அது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. முந்தின முறையில் தேவையில்லாமல் அள்ளியதைத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். கஷ்டம் அதற்கு அடுத்தடுத்த முறைகளில் வந்தது. வெயில் ஏறியது, நம் கழனியில் தண்ணீர் மறைந்து மீண்டும் மண் வெடித்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, "இன்னா ஆயா, பயிர காய போட்டுட்டு வூட்ல குந்திகினு கீற?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பிளாட் போடுகிற ஆள் வந்து, "இந்தத் தண்ணியில எப்டிம்மா பொயப்பு ஓட்றது? பேசாம குடுத்துடுங்க" என்று உருகினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். சித்தப்பாவே வரப்பில் வந்து நின்று, "வெடிச்சிகினு கீதே அண்ணி, நீங்களே போட்டுக்கங்க" என்றார். நான் குச்சியை இழுத்து அவருக்குக் காட்டினேன். டேப் ஈரமாக இருந்தது. "மண்ணுதான் வெடிச்சி கீது, வேரு குளுகுளுன்னு கீது. நீ போடு" என்றேன். வாய் தைரியமாகச் சொல்லியதே தவிர, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பாவுக்கு விஷயம் தெரிந்து, "எங்கப்பன் வெட்டின கெணறுடீ! மொறய வுட்டுட்டியா?" என்று குதித்தார். "கெணறு அங்கியேதான் கீது, வேணும்னா போய்ப் பாரு" என்றேன். அவர் உண்மையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பார்த்துவிட்டு வந்து, தட்டைப் போடு என்றார்.

சித்தப்பாவுக்குப் பால் கட்டியது, நெல் தேறியது. நமக்கும் ஒன்றும் குறையவில்லை. நம் கழனி பூக்கும்போது அவர் அறுப்பு முடித்திருந்தார், கிணறு முழுக்க நமக்கே விட்டுக் கொடுத்தார். தண்ணீரை மிச்சம் பிடித்து யாருக்குக் கொடுப்பது என்று கேட்டேனே, அதற்கு இப்படி விடை கிடைத்தது. இதை நீ செய்தாய் என்று சொன்னால், "நானா? கொயாயிதானே போட்டேன்" என்பாய். ஒரு குழாய் என்ன செய்துவிடும் என்று நானும்தான் நினைத்திருந்தேன். எவ்வளவு போதும் என்று அது எனக்குக் காட்டியது. போதும் என்று தெரியாத வரைக்கும் நான் யாருக்கும் எதையும் விட்டுக் கொடுத்ததில்லை.

ஆவணியில் உன் கல்யாணத்தில் சித்தப்பாதான் பந்தி விசாரித்தார் என்பது உனக்குத் தெரியும். கார்த்திகை மழையில் அவர் செய்ததை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. உன் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று நாம் எல்லோரும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தோம். மழை விடாமல் அடித்தது. சம்பா கதிர் வாங்கும் சமயம். நம் கழனி மேட்டில் இருந்தாலும் ஏரித் தண்ணீர் புகுந்தால் வடிய வழி கிடையாது, சித்தப்பாவின் கழனியைத் தாண்டித்தான் ஓடைக்குப் போக வேண்டும். எவனாவது தன் பயிர் மேல் அடுத்தவன் வெள்ளத்தை வாங்குவானா? நான் வார்டில் உட்கார்ந்து போச்சு போச்சு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மழை விட்டதும் ஓடி வந்து பார்த்தால், பயிர் நின்றுகொண்டிருக்கிறது. நீ சொன்ன மாதிரியே வேர் பிடித்து நின்றது. ஆனால் வேர் மட்டும் காப்பாற்றவில்லை. சித்தப்பா மழையில் இறங்கித் தன் வரப்பைத் தானே வெட்டி, நம் தண்ணீரைத் தன் கழனி வழியாக இறக்கி விட்டிருந்தார். அவர் பயிர் ஓரத்தில் மண்ணடித்துக் கொஞ்சம் படுத்திருந்தது. "ஏம்ப்பா இப்டி பண்ண?" என்று அழுதேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கி தண்ணி குடுத்தீங்க. இன்னிக்கி தண்ணி வாங்கிக்கினேன். அவ்ளோதான் அண்ணி."

தை அறுப்பில் மூட்டை மலையாகக் குவிந்தது என்று நான் பெருமையடிக்க மாட்டேன். முந்தின சம்பாவை விடச் சில மூட்டைகள் கூட வந்தது, அவ்வளவே. மழையில் ஊரில் பாதிப் பேருக்குப் பயிர் சாய்ந்து முளைத்துப் போனதால் நம்முடையது நிறையத் தெரிந்தது. கையில் நின்ற பணத்தில் மூட்டையால் வந்தது குறைவு, செலவு குறைந்ததால் வந்தது அதிகம். நாற்றை ஒற்றை ஒற்றையாக நட்டதில் விதை குறைந்தது. போனில் மழைச் செய்தி வரும்படி நீ செய்து வைத்தாயே, அதைப் பார்த்து நான் உரம் போடுவதைத் தள்ளி வைத்தேன். பக்கத்துக் கழனிக்காரர் அன்று போட்ட யூரியா அன்றே ஓடைக்குப் போனது. பூச்சி மருந்து ஒரு தடவையோடு நின்றது. களைதான் கூடிவிட்டது, தண்ணீர் நிற்காத இடத்தில் புல் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மாதிரி வருகிறது. நீ வாங்கிக் கொடுத்த உருளைக் களைக்கருவியைத் தள்ளித் தள்ளி என் தோள்பட்டை உன்னைத் திட்டுகிறது. எல்லாம் போக, அந்த அறுப்பில்தான் முதல்முறையாக என் வளையல் அடகுக் கடை வாசலை மிதிக்காமல் என் கையிலேயே இருந்தது. நீ கவனித்திருக்க மாட்டாய். ஆண் பிள்ளைகள் வளையலையா பார்ப்பார்கள்? உன் மனைவி பார்த்தாள். "புது வளையலா அத்தே?" என்றாள். பழசுதான் கண்ணு, கையில் இருப்பதுதான் புதுசு என்றேன்.

அவளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீ புது வேலைக்குப் போவது தெரியாத ஊர், தெரியாத பாஷை, இரண்டு பேர் மட்டும். நேற்று நான் சமைத்தேன், இன்று உன் முறை, நான் விட்டுக் கொடுத்தேன், நீ விட்டுக் கொடுத்தாயா என்று முறை பார்த்துக் குடும்பம் நடத்தாதே. மழையில் மோட்டார் போட்டவள் சொல்கிறேன், அதில் கிடைப்பது தெருவில் ஓடும் தண்ணீர்தான். கொஞ்ச நாள் பேசாமல் காய்ந்து கிடந்தாலும் பரவாயில்லை, அடியில் ஈரம் இருந்தால் தாங்கும். ஆனால் பூக்கும் நேரத்தில் காய விடாதே. அவளுக்கு உடம்புக்கு முடியாதபோது, அவள் அம்மா வீட்டை நினைத்து அழும்போது, நாளைக்கு ஒரு குழந்தை என்று வரும்போது, ஷிப்ட் இருக்கிறது, மேனேஜர் விடவில்லை என்று சொல்லிக்கொண்டு நிற்காதே. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது நீதான், நெல்லுக்காகச் சொன்னாய். நான் அதை எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நிலத்தை விற்கப் போவதில்லை. அடம் இல்லை, ஊர்ப் பாசம் என்று சினிமா வசனமும் இல்லை. இந்தக் கழனி இப்போது எங்கள் இரண்டு பேருக்குச் சோறு போட்டு வளையலையும் கையில் விட்டு வைக்கிறது, அதனால்தான். அடுத்த வருஷம் மழை பொய்க்கலாம், அப்போது வேறு மாதிரி யோசிப்பேன், உன்னிடம்தான் முதலில் கேட்பேன். முழங்கால் விட்டுப் போனால் உன் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு உன் மனைவிக்கு உன் சின்ன வயதுத் திருட்டுத்தனங்களை எல்லாம் சொல்லிக் கொடுப்பேன். அதுவரைக்கும் இங்கே இருக்கிறேன். எங்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கவலைப்படாதே. முந்தாநாள் நீ பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா வாசலில் வந்து நின்று, "அந்தக் கொயாயி எனக்கும் ரெண்டு போட்டுக் குட்றா, போறதுக்குள்ள" என்று கேட்டார் இல்லையா? மடித்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு நீ டிரில்லை எடுத்தாய். அவர் குழாயைப் பிடித்துக்கொண்டார், நீ ஓட்டை போட்டாய், உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "கோணலா போவுது பாரு, கோணலா போவுது பாரு" என்று இரண்டு பேரையும் திட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளேயிருந்து பார்த்தேன். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை. அதைக் கொடுத்துவிட்டுப் போகிறவன் எதற்குத் தலை குனிந்துகொண்டு போக வேண்டும்?

முறையை விட்டால் பாத்தியதை போய்விடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் தப்பாகச் சொல்லிவிட்டார்கள். எத்தனையோ முறை விட்டுவிட்டேன், கிணற்றில் நம் பங்கு ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. உன்னுடையதும் குறையாது. நீ எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி, எத்தனை வருஷம் ஆனாலும் சரி. உன் முறையைச் சித்தப்பாவும் நானும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொள்கிறோம். பொங்கலுக்கு வரும்போது பையை வைத்துவிட்டு நேராகக் கிணற்றுக்குப் போ. அன்றைக்கு யார் முறையாக இருந்தாலும் மோட்டாரை நீதான் போடுவாய் என்று சித்தப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போடுவதற்கு முன்னால் குச்சியை விட்டுப் பார்.

சாதத்தை ஆற விடாதே, அவளுக்கு முதலில் எடுத்துக் கொடு.

அம்மா